அந்நியருக்காக எழுந்த இலக்கணம்

ஆங்கில இலக்கணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவரில் பலருக்கு ஒரு நீதிமன்றத்தின் நினைவே எழுகிறது. சட்டம் இயற்றியவர் ஆங்கிலேயர். கூண்டில் நிற்பவர் நாம். தீர்ப்பு சிவப்பு மையில் எழுதப்படும். பத்தாம் வகுப்புப் பிள்ளை மட்டுமல்ல, பட்டம் பெற்று அலுவலகத்தில் அமர்ந்தவரும், தமிழ் வழியில் பயின்றுவிட்டுக் குருமடம் புகுந்து ஆங்கிலத்தில் மெய்யியலும் இறையியலும் கற்க நேர்ந்த நம் போன்றோரும் இந்தக் கூச்சத்தை அறிவோம். தம் மொழிக்கு அவர்களே வகுத்துக்கொண்ட விதிகளை வெளியாளாகிய நாம் மீறிவிட்டோம் என்பதே அந்தக் கூச்சத்தின் வேர்.

ஆனால் வரலாற்று ஏடுகளைப் புரட்டினால் இந்தச் சித்திரம் மாறிவிடுகிறது. ஆங்கிலத்தின் இலக்கணத்தை ஆராய்ந்து தெளிவாக எழுதத் தூண்டியவர்களுள் பெரும்பங்கு அந்நியருடையது. ஆங்கிலம் அறியாதவன் வந்து கதவைத் தட்டிய போதெல்லாம்தான் அம்மொழி தன்னைத்தானே விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் கதவைத் தட்டியவர்கள் அகதிகள். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டை உலுக்கிய சமயப்போர்களில், குறிப்பாக 1572ஆம் ஆண்டு புனித பர்த்தலமேயு திருநாளன்று பாரிசில் தொடங்கிய படுகொலையில், உயிர் தப்பிய கால்வினியர் பலர் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தனர். அவர்களைத் துரத்தியவர்கள் கத்தோலிக்கர் என்பதை நாம் மறைத்து எழுதுவதற்கில்லை. நெசவும் பொற்கொல்லும் அறிந்திருந்த அம்மக்களுக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. இவர்களுக்காக ழாக் பெல்லோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1580இல் ஓர் ஆங்கிலப் பாடநூலையும், 1586இல் உரையாடல் நூலொன்றையும் வெளியிட்டார். பிறமொழியாளர்க்கு ஆங்கிலம் கற்பிக்க எழுந்தவற்றுள் மிகப் பழைய நூல்கள் இவை. உரையாடல் நூல் மூன்று பத்திகளாக அமைந்தது: ஒன்றில் ஆங்கிலம், ஒன்றில் பிரெஞ்சு, மற்றொன்றில் ஆங்கிலம் ஒலிக்கும் முறையே எழுதிக்காட்டப்பட்ட வடிவம். காலையில் எழுவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, இறைச்சிக் கடையிலும் துணிக்கடையிலும் மீன்காரியிடமும் பேரம் பேசுவது, இரவு விருந்து என்று ஒரு நாள் வாழ்வே அதன் பாடத்திட்டம். அதே 1586இல்தான் வில்லியம் புல்லோகர் என்பவரின் இலக்கணம், ஆங்கில மொழிக்கென எழுந்த முதல் அச்சு இலக்கணம், வெளிவந்தது. புல்லோகர் இலத்தீன் இலக்கணத்தின் சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டிவிட முயன்றார். பெல்லோ அகதியின் வயிற்றைப் பார்த்தார். ஆங்கிலக் கல்வி இன்றுவரை இந்த இரு பாதைகளுக்கிடையே அலைந்துகொண்டிருக்கிறது.

அடுத்து நாம் சற்று நின்று பார்க்க வேண்டியவர் ஜான் வாலிஸ். ஆக்சுபோர்டில் வடிவகணிதப் பேராசிரியர். முடிவிலிக்கு நாம் இன்று எழுதும் படுத்த எட்டு வடிவக் குறியைக் கணிதத்துக்குத் தந்தவர். உள்நாட்டுப் போரில் எதிரிகளின் மறைகுறிக் கடிதங்களை உடைத்துப் படித்தவர். ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவும்கூட. 1653இல் அவர் ஆங்கில இலக்கணம் ஒன்றை எழுதினார், ஆனால் இலத்தீன் மொழியில் எழுதினார். ஆங்கிலேயர்க்கு ஆங்கிலம் கற்பிக்க இலத்தீன் எதற்கு? அந்நூல் முதன்மையாக அயல்நாட்டாரை நோக்கியே எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் வெளிவந்த இறையியல் நூல்களைப் படிக்க ஐரோப்பியக் கற்றோர் பலர் விரும்புகின்றனர், அவர்களுக்கு மொழி தடையாயிருக்கிறது என்று முன்னுரையில் அவர் காரணம் கூறுகிறார். மேலும், ஆங்கிலத்துக்கு இல்லாத வேற்றுமைகளையும் பால்களையும் இலத்தீனிலிருந்து கொண்டுவந்து திணிப்பதை அவர் கண்டித்தார்.

'ஷால்', 'வில்' என்ற இரு துணைவினைகளின் ஆட்சியைத் தெளிவாக வகுத்துத் தந்தவர் வாலிஸ்தான். தன்மையில் 'ஷால்' வெறும் எதிர்காலத்தைக் காட்டும்; 'வில்' உறுதிமொழியையோ அச்சுறுத்தலையோ காட்டும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். தண்ணீரில் விழுந்த அயல்நாட்டான் ஒருவன் 'ஐ வில் டிரௌன், நோபடி ஷால் சேவ் மீ' என்று கதறினான் என்றும், சாக உறுதிபூண்டவன் போலும் என்றெண்ணிக் கரையிலிருந்தோர் அவனை அவன் போக்கில் விட்டுவிட்டனர் என்றும் வகுப்பறைகளில் சொல்லப்படும் பழைய வேடிக்கைக் கதை இவ்விதியை ஒட்டி எழுந்ததே. வழிகாட்டியாக அந்நியனுக்குத் தரப்பட்ட குறிப்பு, பின்வந்த இலக்கணிகளின் கையில் ஆங்கிலேயரையே அடிக்கும் பிரம்பாயிற்று. கப்பலேறி இங்கும் வந்தது. இங்கிலாந்தில் 'ஐ வில்' என்று கூசாமல் பேசப்பட்ட காலத்தில், நம் ஊர் மாணவன் 'ஐ ஷால்' எழுதாமையால் மதிப்பெண் இழந்துகொண்டிருந்தான்.

வழிகாட்டுதல் எவ்வாறு தடையுத்தரவாக மாறுகிறது என்பதற்கு இராபர்ட் லௌத் என்பவரின் நூல் மற்றொரு சான்று. எபிரேயக் கவிதையின் இணைவரி அமைப்பை விளக்கிக் காட்டியவர் என்று குருமடத்தில் திருப்பாடல்களைப் பயின்ற எவரும் இவர் பெயரை அறிவர். பின்னாளில் இலண்டனின் ஆங்கிலிக்க ஆயரான இவர், 1762இல் ஆங்கில இலக்கணம் ஒன்றும் எழுதினார். சேக்சுபியர், மில்டன் முதலியோரின் வரிகளையே எடுத்து அவற்றின் பிழைகளைக் காட்டும் துணிவு அவருக்கு இருந்தது. எனினும் 'ப்ரெபொசிஷன்' வாக்கிய இறுதியில் நிற்பது குறித்து அவர் சொன்னது மென்மையானது: பேச்சில் அது இயல்பு, உயர்நடையில் அதனை முன்னே வைப்பது அழகு. பின்வந்தோர் 'இயல்பு' என்பதை விட்டுவிட்டு 'அழகு' என்பதைக் கட்டளையாக்கினர். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம் லௌத் முதலியோரிடமிருந்து தொகுக்கப்பட்டது. அமெரிக்க வழக்கறிஞராக இருந்து, உடல் தளர்ந்து இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறிய அந்தக் குவேக்கர், அங்கிருந்த பெண்கள் பள்ளியொன்றின் ஆசிரியைகள் கேட்டதற்காக எழுதிய நூல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் படிகள் இலட்சக்கணக்கில் விற்றன. விதி, எடுத்துக்காட்டு, பிழையான வாக்கியம், அதைத் திருத்துக என்ற வரிசையை நம் பள்ளிகளில் நாம் கண்ட இலக்கண நூல்கள் யாவும் அந்த மரபிலிருந்தே பெற்றன எனலாம்.

இந்தியாவின் கதை நாம் நன்கு அறிந்ததாகலின் விரைந்து கடப்போம். 1835இல் மெக்காலேயின் குறிப்பு; 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம்; நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில்; அதனைத் தொடர்ந்து நெஸ்ஃபீல்டு, 1930களில் ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கணங்கள். ரென் என்பவர் பாலைவனப் படைவீரரைப் பற்றிய 'போ ஜெஸ்ட்' என்னும் புகழ்பெற்ற புதினத்தை 1924இல் எழுதியவர்தாம் என்று சொன்னால் நம் மாணவர் வியப்பர். அந்த இலக்கண நூலில் புதினத்தின் சுவடே இல்லை.

ஆங்கிலேயர் எழுதிய இலக்கணங்களில் ஒரு குறை இருந்தது. ஆங்கிலேயனுக்கு எது தெரியாதோ அதை அவை சொல்லின. அவனுக்கு இயல்பாகத் தெரிந்ததைச் சொல்லாது விட்டன. ஆனால் அந்நியனுக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவதே. இதனைத் தமிழ் வழியாகப் பார்த்தால் எளிதில் விளங்கும். வீரமாமுனிவர் தமிழகம் வந்தபோது இலக்கியத் தமிழுக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் இருந்தன. பேச்சுத் தமிழுக்கு அத்தகைய மரபிலக்கணம் இல்லை. தமிழனுக்கு அது எதற்கு? வேண்டியிருந்தது அந்நியனுக்கு. எனவே 1728இல் அவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் இயற்றினார். 1738இல் அது தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டவர்கள் சமய வாதத்தில் அவரோடு கடுமையாக மோதிய லுத்தரன் மிஷனரிகள்! இலக்கணத்தின் தேவை பூசலையும் கடந்து நின்றது. 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்த் தாயும் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் ஐரோப்பிய மொழி மட்டும் அறிந்து வந்த ஒருவர் ஆண்டவரை நோக்கி 'நாம் பாவிகள்' என்று செபித்தால், ஆண்டவரையும் பாவிகளின் கூட்டத்தில் சேர்த்துவிடுவார். எந்த இடத்தில் கால் இடறும் என்பது இடறியவனுக்கே தெரியும்.

ஆங்கிலத்துக்கு இத்தகைய பார்வை கிழக்கிலிருந்துதான் வந்தது. 1922இல் ஹெரால்டு பால்மர் என்பவர் யப்பானியக் கல்வி அமைச்சுக்கு மொழி ஆலோசகராகத் தோக்கியோ சென்றார். மறு ஆண்டு அங்கே ஆங்கிலக் கல்வி ஆய்வுக்கென ஒரு நிறுவனம் அவர் தலைமையில் உருவாயிற்று. 1924இல் பேச்சு ஆங்கிலத்துக்கென ஓர் இலக்கணம் எழுதினார். வீரமாமுனிவர் செய்த அதே வேலை. அந்த 1924இல்தான் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி என்ற இளைஞர் கியூஷூ தீவின் ஓயிதா நகருக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

ஹார்ன்பி வகுப்பறையில் கண்டது இது. மாணவனுக்கு ஒரு சொல்லின் பொருள் தெரிகிறது. அச்சொல்லை வாக்கியத்தில் எப்படி அமர்த்துவது என்பதுதான் தெரியவில்லை. 'வான்ட்' என்பதன்பின் 'ஹிம் டு கோ' வரலாம். 'சஜஸ்ட்' என்பதன்பின் அவ்வாறு வராது. 'டெல் மீ' சரி. 'எக்ஸ்ப்ளெயின் மீ' தவறு. ஏன் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை, ஏனெனில் எந்த ஆங்கிலேயனும் அதைக் கேட்டதில்லை. ஹார்ன்பியும் கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் நண்பர் இருவரும் சேர்ந்து ஒரு புதுவகை அகராதியைத் தொகுத்தனர். வினைச்சொற்கள் வாக்கியத்தில் ஏற்கும் அமைப்புகளை இருபத்தைந்து வகையாகப் பிரித்து எண்ணிட்டு, ஒவ்வொரு வினைக்கும் எந்த எண்கள் பொருந்தும் என்று குறித்தனர். பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா, எண்ணத்தகாததா என்றும் காட்டினர். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதும் நம்மவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

பணி முடிந்த வேளையில் போர் மூண்டது. 1941 டிசம்பரில் யப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. பிரித்தானியக் குடிமக்கள் பகைவர்களாயினர். ஹார்ன்பி தடுத்து வைக்கப்பட்டு, 1942இல் நாடு திரும்பினார். பகை நாட்டவர் மூவர் தொகுத்த ஆங்கில அகராதியை, போரின் நடுவே, அதே 1942இல் தோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் வெளியிட்டது. எதிரியின் மொழியைக் கற்பிக்கும் நூலை எதிரியின் பெயரோடு அச்சிட்ட அப்பதிப்பாளரின் நெஞ்சுரத்தை நாம் வியக்கிறோம். போருக்குப்பின், 1948இல், ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை ஒளிப்பட முறையில் அப்படியே மறுபதிப்பாக்கியது. கற்போர் அகராதி என்று நம் நூலகங்களில் முனை மழுங்கிக் கிடக்கும் அந்தத் தடித்த நூலின் மூதாதை இதுவே. ஹார்ன்பி தம் நூல்களின் வருவாயில் பெரும்பகுதியை 1961இல் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். பிற நாடுகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு அது இன்றும் உதவுகிறது.

அதே ஆண்டுகளில் வங்காளத்தில் மைக்கேல் வெஸ்ட் என்பவர் வேறொரு கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்த அவர், சிறுவர் பெரும்பாலோர் படிப்பை முடிக்கும் முன்பே பள்ளியை விட்டு நின்றுவிடுவதைக் கண்டார். பத்தாண்டு படித்தால்தான் பயன் தரும் பாடத்திட்டம், மூன்றாம் ஆண்டில் நின்றவனுக்கு எதைக் கொடுத்தது? ஆயுள் காப்பீட்டில் பாதியில் நிறுத்தியவருக்கும் 'சரண்டர் மதிப்பு' என்று ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறதன்றோ? கல்விக்கும் அவ்வாறொரு மதிப்பு இருக்க வேண்டும் என்று அதே சொல்லைக்கொண்டு வாதிட்டார். எந்த வகுப்பில் நின்றாலும் மாணவன் கையில் ஏதேனும் எஞ்ச வேண்டும். அப்படி எஞ்சக்கூடியது வாசிப்புத்திறனே என்பது 1926இல் வெளிவந்த அவரது 'இருமொழியம்' பற்றிய ஆய்வின் முடிவு. வங்கச் சிறுவனின் பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் அரிய சொற்கள் குவிந்திருந்தன. வெஸ்ட் அவற்றை நீக்கி, அன்றாடச் சொற்களைக்கொண்டு கதைகளை மாற்றி எழுதினார். 1935இல் அவர் எண்டிகாட் என்பவருடன் வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களால் விளக்கியது. 1953இல் வெளிவந்த அவரது பொதுப்பயன் சொற்பட்டியல் சுமார் 2,000 சொற்களைக் கொண்டது.

நம் பங்கில் ஒன்பதாம் வகுப்போடு நின்று, மேசனுக்குக் கையாளாகப் போன பையன்களை எண்ணும்போதெல்லாம் வெஸ்டின் அந்தக் காப்பீட்டுச் சொல் நமக்கு நினைவுக்கு வருகிறது. வேலைக்குப் போன பின் அவர்களில் சிலர் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டையும் வங்கிப் படிவத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறவர்களாயிருக்கின்றனர். சிலர் அதுவுமில்லாமல் போயினர். எல்லோரும் 'ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ்' மாற்றும் பயிற்சியைப் பக்கம் பக்கமாக எழுதியவர்களே.

விடுதலைக்குப்பின் சென்னை மாநிலம் இதனைச் சரிசெய்ய முயலாமல் இல்லை. 1950களில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கிய புதிய பாடத்திட்டம் வந்தது. அப்பதின்மத்தின் இறுதியில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி தொடங்கியது. சிலர் பயின்று பலருக்குக் கற்பிக்க, அவர்கள் இன்னும் பலருக்குக் கற்பிப்பதாகிய அத்திட்டத்துக்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வழங்கிற்று. பனியே காணாத ஊருக்கு இப்பெயரைச் சூட்டியவர் நிச்சயம் நம்மவர் அல்லர். பந்து உருண்டது, ஆனால் கீழே வரவரத் தன் உள்ளீட்டை இழந்தது என்பது நம் கணிப்பு. 'திஸ் இஸ் எ புக்' என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டிக் கூட்டமாக ஒப்பிக்கும் வகுப்புகள் எஞ்சின. புத்தகம் என்று எல்லோருக்கும் தெரிந்த பொருளைப் புத்தகம் என்று சொல்ல எவருக்கும் தேவை எழுவதில்லை.

இந்த இடத்தில் பிழையைப் பற்றிய எண்ணமே மாறியதையும் சொல்ல வேண்டும். 1967இல் பிட் கார்டர் என்னும் எடின்பரோ அறிஞர், கற்போர் செய்யும் பிழைகள் கவனக்குறைவின் குப்பை அல்ல, அவர்கள் மனத்துள் உருவாகிவரும் ஓர் ஒழுங்கின் தடயங்கள் என்று எழுதினார். 1972இல் செலிங்கர் அவ்வொழுங்குக்கு இடைமொழி என்று பெயரிட்டார். நம் பிள்ளைகளின் ஏடுகளை இக்கண்ணோடு பார்த்தால் அத்தனையும் பேசத் தொடங்குகின்றன. 'நேற்று மழை பெய்திருக்கிறது' என்று தமிழில் தடையின்றிச் சொல்கிறோம். அந்தத் தமிழறிவுதான் 'இட் ஹேஸ் ரெய்ன்டு எஸ்டர்டே' என்று எழுதவைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வினைவடிவம் 'நேற்று' என்ற முடிந்த காலத்தோடு சேராது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலுள்ள 'பற்றி' என்பதே 'டிஸ்கஸ் அபௌட்' ஆகிறது. 'தி' என்பதற்கு நிகரான சொல் தமிழில் இல்லை. ஆகவே அது வேண்டிய இடத்தில் விடுபடுகிறது, வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஏட்டில் மூன்று பத்தி பிரிக்கச் சொல்கிறோம்: எழுதிய ஆங்கிலம், அதனைப் பின்னிருந்து தள்ளிய தமிழ், அகராதி காட்டும் அமைப்பு. நடுப்பத்தியை நிரப்பும்போது அவர்கள் முகத்தில் ஓர் ஆறுதல் தோன்றுவதைக் காண்கிறோம். தாம் அறிவிலிகள் அல்லர், தமிழர் என்ற ஆறுதல் அது.

இவ்வரலாற்றின் கடைசிப் பெருமுயற்சி நம் மண்ணிலேயே நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூரின் வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண வரிசை இல்லை, ஒப்பித்தல் இல்லை. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், கணக்கு முதலியவற்றிலிருந்து ஒரு புதிரை ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து ஆங்கிலத்தில் அவிழ்ப்பார். பிறகு அதைப் போன்ற மற்றொன்றை மாணவர் தனியே அவிழ்க்க வேண்டும். விடை சரியா என்றுதான் மதிப்பெண். மொழிப்பிழையை ஆசிரியர் பேச்சோடு பேச்சாகச் சரியாகச் சொல்லிவிட்டு நகர்வார். வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது முடித்தால் அடுத்தது சற்றுக் கடினமாகும். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே படிகிறது என்பது பிரபுவின் கருத்து. 1987இல் அதனை நூலாகவும் எழுதினார். உலகெங்கும் மொழியாசிரியர் பயிலும் நூல்களுள் ஒன்றாயிற்று அது.

வெளியிலிருந்து வந்து இச்சோதனையை மதிப்பிட்டவர்கள் எச்சரிக்கையோடுதான் பேசினர். தனித்தனி இலக்கண வினாக்களில் பழைய முறையில் பயின்ற மாணவர் முந்தினர். பணிவழி வினாக்களில் பிரபுவின் மாணவர் முந்தினர். மொத்தத்தில் திட்டத்துக்கு ஓரளவு ஆதரவு உண்டு என்றனர். நமக்கு இம்முடிவு ஏமாற்றமளிக்கவில்லை. பதின்மூன்று வயதுவரை அட்டவணையும் வரைபடமும் போதும். அதன்பின், தான் ஏன் இடறுகிறோம் என்று கேட்கத் தொடங்கும் வயதில், ஹார்ன்பியின் எண்ணிட்ட அமைப்புகளுக்கும் வேலை உண்டு என்றே கருதுகிறோம். ஆனால் நம் தேர்வுகள் இன்னும் பெரும்பாலும் அந்தத் தனித்தனி வினாக்களையே கேட்கின்றன. எனவே எந்தப் புதிய முறையும் பத்தாம் வகுப்பின் வாயிலருகே வந்ததும் தயங்கி நின்றுவிடுகிறது. அங்கே 'டிரெக்ட், இன்டிரெக்ட்' மாற்றத் தெரிந்தவன் உள்ளே போகிறான். இரயில் அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே கேள்வி இல்லை.